டொமைனும் ஹோஸ்டிங்கும் ஒன்றுதானே, ஏன் இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம்?

ஒன்றில்லை. டொமைன் என்பது உங்கள் இணையதளத்தின் பெயர். ஹோஸ்டிங் என்பது அந்தத் தளத்தின் பக்கங்களும் படங்களும் குடியிருக்க, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியில் நாம் எடுக்கும் வாடகை இடம்.

இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் கண்டுபிடிக்கும். அந்த எண்களை மனிதர்கள் எங்கே நினைவில் வைப்பது? அதற்காகத்தான் 1983-இல் பெயர் முறை வந்தது. இந்தப் பெயருக்கு இந்த எண் என்று ஒரு பதிவு, அவ்வளவுதான்.

செட்டிநாட்டு வீடுகளில் பாத்திரத்தில் வெட்டியிருக்கும் விலாசத்தை, அந்த முதலெழுத்து வரிசையை, நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குக் குடிபோனாலும் விலாசம் மாறாது. அப்படித்தான், ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றினாலும் டொமைன் உங்களோடு வரும். ஆனால் அது உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். தளம் செய்து தரும் தம்பி அவசரத்துக்குத் தன் பெயரில் பதிந்துவிடுவது சகஜம். இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், 'ஒருமுறை வாங்கினால் டொமைன் நிரந்தரமாக நமக்கே' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் பதிய முடியும், புதுப்பிக்காமல் விட்டால் சலுகை நாட்கள் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.