பனி ஏரிக்கு வாங்கிய சோனார் மீன்காட்டியை உவரிக் கடலில் வள்ளத்தில் அமைப்பது எப்படி?

கனடாவில் இருக்கும் உங்கள் அத்தான், சிம்கோ ஏரியில் பனியைத் துளைத்துத் தூண்டில் போடுவதற்காக வைத்திருந்த சோனார் கருவியை உங்களுக்குக் கொடுத்துவிட்டார் என்றும், அதை நெல்லை மாவட்டக் கடற்கரை ஊரான உவரியில் உள்ள உங்கள் ஃபைபர் வள்ளத்தில் பொருத்தினால் பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், நிற்கும் மீனைக் காட்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். காட்டும். ஆனால் நங்கூரம் போட்டு நிற்கும்போதும், இன்ஜினை அணைத்து நீரோட்டத்தோடு மெல்ல நகரும்போதும் மட்டுமே காட்டும். ஓடும் வள்ளத்தில் அதை நம்ப வேண்டாம். இடிந்தகரை, கூத்தங்குழிப் பக்கத்து வள்ளங்களுக்கு இத்தகைய கருவிகளைப் பொருத்திக் கொடுத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்.

காரணம் டிரான்ஸ்டியூசரில், அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பகுதியில், இருக்கிறது. பனி ஏரியில் அது துளை வழியாகத் தன் கேபிளிலேயே தொங்குகிறது. தன் எடையால் அதன் முகம் நேர் கீழாகத் திரும்பிவிடுகிறது. அந்த முகம் பனியின் அடிவிளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி கேபிளின் நீளத்தைச் சரிசெய்தால், அங்கே பாதி வேலை முடிந்துவிடும், ஏனென்றால் நிற்கும் தளம் அசைவதில்லை. அடுத்து, தூண்டிலை அதன் நேர் கீழே இறக்கி, திரையில் அது மெல்லிய கோடாகத் தெரியும்வரை சென்சிட்டிவிட்டியை (மெல்லிய எதிரொலியையும் பிடிக்கும் திறனை) கூட்டுகிறார்கள். தூண்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு தோன்றினால் மீன் வந்திருக்கிறது என்று பொருள்.

கடலில் இந்த அசையாத் தளம் இல்லை என்பதுதான் நீங்கள் தீர்க்க வேண்டிய முதல் சிக்கல். டிரான்ஸ்டியூசர் 10 பாகை சாய்ந்தால், 40 மீட்டர் ஆழத்தில் ஒலிக்கற்றையின் மையம் ஏறத்தாழ 7 மீட்டர் விலகிப் போய்விடும். நீங்கள் தூண்டில் இறக்கியிருக்கும் இடத்தைக் கருவி பார்த்துக்கொண்டே இருக்காது. எனவே கேபிளில் தொங்கவிடாமல், வள்ளத்தின் நடுப்பகுதியில், ஆட்டம் குறைவாக இருக்கும் பக்கவாட்டில், ஒரு பிவிசி குழாயையோ துருப்பிடிக்காத எஃகுக் குழாயையோ கிளாம்ப் வைத்துப் பொருத்தி, அதன் நுனியில் டிரான்ஸ்டியூசரை இறுகக் கட்டுங்கள். அதன் முகம் வள்ளத்தின் அடிப்பகுதியைவிடச் சற்றுத் தாழ்ந்து இருக்க வேண்டும். குழாயை மேலே தூக்கி மடக்கும் வசதி கட்டாயம் தேவை. நம் கரையில் துறைமுகச் சுவரோரம் வள்ளத்தை நிறுத்தி வைப்பதில்லை. அலையைக் கடந்து இறக்கி, மீண்டும் மணலில் ஏற்றுகிறோம். பின்பலகையில் நிரந்தரமாக ஆணியடித்த டிரான்ஸ்டியூசர் இந்த ஏற்ற இறக்கத்தில் நீண்ட காலம் தாங்காது.

காற்றுக்குமிழி இரண்டாவது எதிரி. நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒலி பெரும்பாலும் திரும்பிவிடுவதால், டிரான்ஸ்டியூசரின் முகத்தில் நுரை படிந்தால் கீழே எதுவும் தெரியாது. தெளிந்த பனியின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, துளையிடாமலேயே ஆழம் பார்க்கிறார்களே, அதுவும் பனிக்குள் குமிழி இருந்தால் நடக்காது. கச்சான் காற்று வலுக்கும் ஆனி, ஆடி மாதங்களில் கடலின் மேற்பரப்பே நுரைத்துக் கிடக்கும். அப்போது குழாயை இன்னும் ஓரடி ஆழத்துக்கு இறக்குங்கள்.

கருவியின் அமைப்புப் பட்டியலுக்குள் சென்றதும் முதலில் நன்னீர் என்பதை உப்புநீர் என்று மாற்றுங்கள். உறைநிலைக்கு அருகிலுள்ள நன்னீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் செல்கிறது. நம் வெதுவெதுப்பான கடலில் 1,500 மீட்டருக்கும் மேல் செல்கிறது. நன்னீர்க் கணக்கிலேயே விட்டால் கருவி ஆழத்தைக் குறைத்துக் காட்டும். பிறகு பனி ஏரிக்காரர்களின் முறையையே கையாளுங்கள்: ஒரு ஈயக்குண்டை டிரான்ஸ்டியூசருக்கு நேர் கீழே தரைக்குச் சற்று மேலே வரும்வரை இறக்கி, அது மெல்லிய கோடாகத் தெரியும்வரை மட்டும் சென்சிட்டிவிட்டியைக் கூட்டுங்கள். அதற்கு மேல் கூட்டினால் கலங்கலும் மிதவை உயிர்களும் திரையை நிரப்பிவிடும். அருகில் நிற்கும் வள்ளத்திலும் கருவி ஓடினால் கோடுகள் சிதறித் தெரியும். அதற்குக் குறுக்கீட்டைத் தடுக்கும் அமைப்பைப் படிப்படியாகக் கூட்டினால் போதும். இதையெல்லாம் முதல் நாளே கடலில் செய்வதைவிட, கார்த்திகை, மார்கழியில் நிரம்பி நிற்கும் ஆழமான குளத்தில் பழகிவிட்டுச் செல்வது நல்லது. தோட்டத்துக் கிணறு ஆழமாக இருக்கிறதே என்று அதில் சோதிக்காதீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி உங்களைக் குழப்பிவிடும்.

இனிப் பாரின் மேல் திரையைப் படிப்பது. நான் பெரிதும் மதிப்பது இதைத்தான், ஏனென்றால் கருவி தருவது எதிரொலி மட்டுமே. அது மீனா, பாறையா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். ஆழ எல்லையை உண்மையான ஆழத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வைத்துப் பாருங்கள். அடித்தளம் பாறையாக இருந்தால், தரைக்கோட்டின் இரு மடங்கு ஆழத்தில் இன்னொரு தரைக்கோடு தெரியும். ஒலி தரையில் பட்டு, மேற்பரப்பில் பட்டு, மீண்டும் தரைக்குப் போய் வருவதால் உண்டாவது அது. சேற்றுத்தரை ஒலியை விழுங்கிவிடுவதால் அங்கே அந்தக் கோடு மங்கியிருக்கும் அல்லது இருக்காது. மலையையும் கோயில் கோபுரத்தையும் அடையாளம் வைத்துப் பாரைக் கண்டுபிடிக்கும் மூத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் காட்டும் இடத்தில் இந்த இரண்டாம் கோட்டைத் தேடுங்கள். அப்படிப் பழகினால் கண் விரைவில் தேறும்.

20 பாகைக் கற்றை 40 மீட்டர் ஆழத்தில் சுமார் 14 மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. 9 பாகைக் கற்றை 6 மீட்டருக்குச் சற்று அதிகமாகவே விரிகிறது. மேடு பள்ளமான பாரில் அகலமான கற்றை கூடாது. பக்கத்து மேட்டின் எதிரொலி முந்திக்கொண்டு வந்து, பள்ளத்தில் ஒதுங்கியிருக்கும் களவாய் மீனை மறைத்துவிடும். கருவியில் இரண்டு கோணமும் இருந்தால் குறுகியதையே தேர்ந்தெடுங்கள்.

மீனின் எதிரொலியில் பெரும்பங்கு அதன் காற்றுப்பையிலிருந்து வருகிறது. விளமீனுக்கும் களவாய்க்கும் சாளைக்கும் காற்றுப்பை உண்டு. ஆகவே அவை அழுத்தமாகத் தெரியும். நெய்மீனுக்கும் சூரையில் பல வகைகளுக்கும் அது இல்லை. பெரிய நெய்மீன் கூட மெல்லிய நிறத்தில் கடந்து போகலாம் என்பதால், கோட்டின் அழுத்தத்தை வைத்து மீனின் அளவைச் சொல்லிவிட முடியாது.

மின்சாரத்துக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியே போதுமானது. கருவி அரை ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 14 மணி நேரம் வர வேண்டும்; பேட்டரி பழையதாக இருந்தால் அவ்வளவு வராது. இன்ஜின் பேட்டரியோடு சேர்க்காமல் தனியாக வைத்து, பியூஸ் போட்டு, டிரான்ஸ்டியூசர் கேபிளை இன்ஜின் வயர்களிலிருந்து விலக்கிக் கொண்டு செல்லுங்கள். திரையில் தோன்றும் புள்ளிமழையில் பெரும்பகுதி அதனால் நீங்கிவிடும். அங்கே குளிர் பேட்டரியைக் குறைத்தது. இங்கே வெயிலும் உப்பும்தான் கெடுக்கும். கருவியை நிழலில் வைத்து, கரை சேர்ந்ததும் டிரான்ஸ்டியூசரையும் இணைப்புகளையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

சிம்கோ ஏரியின் அதிகபட்ச ஆழமே ஏறக்குறைய 41 மீட்டர்தான். அத்தகைய ஏரிகளுக்கான கருவிகள் பெரும்பாலும் 200 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்ணில் இயங்குகின்றன. கடல்நீரில் கரைந்துள்ள மக்னீசியம் சல்பேட் அந்த அதிர்வெண்ணில் ஒலியை நன்னீரைவிடப் பல மடங்கு உறிஞ்சிக்கொள்வதால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆழம் இங்கே கிடைக்காது. கரைக்கடல் பார்களுக்கு இந்தக் கருவி தாராளமாகப் போதும். அதைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போகும் எண்ணம் இருந்தால், 50 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் உள்ள வேறு கருவியை வாங்குங்கள். இதன்மேல் மேலும் பணம் செலவழிக்க வேண்டாம்.