தனி ஆவர்த்தனம் வந்தா தள்ளி விடலாமா?

வணக்கம் சார்,

எனக்கு 29 வயசு, ஓசூர்ல வேலை. மூணு வருஷமாத்தான் கர்நாடக சங்கீதம் கேக்கறேன், எங்க வீட்ல யாருக்கும் இந்தப் பழக்கம் கிடையாது. நாங்க 15 பேர் சேந்து ஒரு வாட்ஸப் குரூப் வச்சிருக்கோம், தினமும் ‘இன்னிக்கு என்ன கேட்டேன்’னு போடணும். போன மாசம் மட்டும் நான் 41 கச்சேரி கேட்டிருக்கேன். எம்.டி.ராமநாதன் சஹானா, செம்மங்குடி கரகரப்பிரியா, ஜி.என்.பி. கல்யாணி, டி.பிருந்தா பெகடா, ஆலத்தூர் பிரதர்ஸ், மதுரை மணி ஐயர், எம்.எஸ்.ஸோட ஐ.நா. சபை கச்சேரின்னு லிஸ்ட் போகுது. சஹானா ராகத்துல பைத்தியமாவே ஆயிட்டேன். அடுத்து யாரோட சஹானா கேக்கலாம்? ராகத்தை சீக்கிரம் கண்டுபிடிக்க வழி ஏதாவது இருக்கா? எந்த ஹெட்ஃபோன் நல்லது? கடைசியா ஒண்ணு. பாட்டை நிறுத்திட்டு மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்கற தனி ஆவர்த்தனம் வந்தா எனக்கு ஒண்ணும் புரியல, தள்ளி விட்டுடறேன். அது தப்பா சார்?

ஒரு வாசகன்

---

தம்பி,

உங்க கடிதம் வந்த நேரம் அப்படி. போன வாரம் பூரா நான் ஒரு பழைய கேசட்டை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டிட்டு இருந்தேன், அந்த சமயம் பாத்து நீங்க இதைக் கேக்கறீங்க. அதான் மத்த கடிதத்தையெல்லாம் தள்ளி வச்சிட்டு உடனே உக்காந்துட்டேன்.

வீட்ல ஒருத்தரும் கேக்காம, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாம, தானா வந்து சஹானாவுல விழுந்திருக்கீங்க பாருங்க, அது எனக்கு ரொம்ப சந்தோஷம். எம்.டி.ராமநாதன் கிட்ட போய் நின்னிருக்கீங்க, அதுவும் நல்ல இடம். அந்த நிதானத்துக்கு காது பழகிட்டா அப்புறம் அவசரமா பாடறவங்க யாரும் உங்களை ஏமாத்த முடியாது.

ஹெட்ஃபோன் எதுவா வேணா இருக்கட்டும். ராகம் கண்டுபிடிக்கறதைப் பத்தி இப்ப கவலையே வேணாம், இது பரிட்சை இல்ல, சஹானாவை சஹானான்னு தெரியாமலே பத்து வருஷம் கேட்டவங்க எங்க ஊர்ல உண்டு, அவங்க அனுபவிச்சது ஒண்ணும் குறைஞ்சு போகல.

ஆனா அந்த கடைசி வரி. அதோட அந்த லிஸ்ட். ரெண்டு தடவை படிச்சேன். 41 கச்சேரின்னு சொல்றீங்க, அதுல ஒரு வயலின்காரர் பேராவது இருக்கா? ஒரு மிருதங்கக்காரர் பேராவது? ஆலத்தூர் பிரதர்ஸ்னு எழுதியிருக்கீங்க, சரி, அன்னிக்கு மிருதங்கம் யாரு? பாலக்காடு மணி ஐயரா, பழனி சுப்ரமணிய பிள்ளையா? ரெண்டு பேருமே அவங்களுக்கு நிறைய வாசிச்சவங்க, ரெண்டும் ஒரே மாதிரி கச்சேரியா இருக்கவே முடியாது. 1966ல ஐ.நா. சபையில எம்.எஸ். பாடினாங்கன்னு ஸ்கூல் பிள்ளைக்கு கூட தெரியுது, அன்னிக்கு வயலின் வி.வி.சுப்ரமணியம், மிருதங்கம் டி.கே.மூர்த்தின்னு உங்க குரூப்புல எத்தனை பேர் சொல்வாங்க? மேடையில நாலு பேரு உக்காந்திருக்காங்க, நீங்க ஒருத்தரை மட்டும் கேட்டுட்டு கச்சேரி கேட்டேன்னு எழுதறீங்க. எனக்கு கோவம் வருது தம்பி, மறைச்சு என்ன ஆகப்போகுது.

நாங்க ரேடியோவுல வளந்தவங்க. கச்சேரி ஆரம்பிக்கறப்ப ஒரு தடவை, முடியறப்ப ஒரு தடவை, பாடியவர் இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார்னு அறிவிப்பாளர் நிதானமா சொல்லுவார். அந்த ரெண்டு தடவையிலேயே பேரெல்லாம் மனசுல பதிஞ்சிடும், ராகம் தெரியாத வயசுல எனக்கு மிருதங்கக்காரங்க பேரு வரிசையா தெரியும். 1960கள் கடைசியில அமெரிக்காவுல நோன்சச் கம்பெனி பாடகர் ராம்நாட் கிருஷ்ணன் எல்பி தட்டு ஒண்ணு போட்டாங்க, அதுல கூட வயலின் வி.தியாகராஜன், மிருதங்கம் டி.ரங்கநாதன், கஞ்சிரா வி.நாகராஜன்னு எல்லார் பேரும் இருக்கு. நம்ம சங்கீதத்தை அப்பத்தான் கேக்க ஆரம்பிச்ச ஊர்க்காரங்களுக்கு தோணினது, நமக்கு ஏன் தோண மாட்டேங்குது? இப்ப யூடியூப்ல ஏத்தறவங்க பாடினவர் பேரு, ராகம், அதோட முடிச்சிடறாங்க. கீழ யாராவது ஒரு கிழவர் வந்து மிருதங்கம் யாருன்னு கேட்டா பதில் கிடையாது.

பழனி சுப்ரமணிய பிள்ளைன்னு சொன்னேனே, அவர் இடது கைக்காரர். மேடையில பாடறவருக்கு வலது பக்கம் மிருதங்கம், இடது பக்கம் வயலின்ங்கறது வழக்கம், அப்பத்தான் வலந்தலை, அதான் மிருதங்கத்துல கணீர்னு ஒலிக்கற முகம், சபையைப் பாத்து இருக்கும். இடது கையால வாசிக்கறவர்னா வயலினும் மிருதங்கமும் இடம் மாறி உக்காரணும். அதுக்கு ஒத்துக்காத வயலின் வித்வான்கள் இருந்தாங்க. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் பிடிவாதமா நின்னு இடத்தை மாத்தி உக்கார வச்சு பழனிக்கு வாசிப்பு கொடுத்தார். ஒரு இடம் மாறி உக்காரறதுக்கு இவ்வளவு பாடு பட்ட மனுஷன் வாசிச்ச தனியை, வலந்தலையில விழற அந்த சாப்பை, தொப்பிங்கற மறு முகத்துல ஆழமா இழையற அந்த கும்கியை, நீங்க கட்டை விரலால தள்ளி விட்டுட்டு போறீங்க.

புரியலன்னு சொல்றீங்க, நியாயம்தான். தாளம் போடாம கேட்டா யாருக்கும் புரியாது. ஆதி தாளம் ரெண்டு களைதான் பெரும்பாலும் மெயின் உருப்படிக்கு வரும். தொடையில ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டி வீசி, தட்டி வீசி. எட்டு எண்ணிக்கை, ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டா போடணும், அவ்வளவுதான். அதை விடாம போட்டுக்கிட்டே தனியைக் கேளுங்க. முதல்ல எண்ணிக்கைக்கு நாலு நாலா சதுஸ்ர நடையில நிதானமா போகும், அப்புறம் நடை மாறும், மூணு மூணா திஸ்ரமோ, அஞ்சு அஞ்சா கண்டமோ, உங்க கை தடுமாறும், தடுமாறட்டும். கூட கஞ்சிராவோ கடமோ இருந்தா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாசிச்சு, ஒவ்வொருத்தர் முறையும் சின்னதாயிட்டே வரும், அதான் குறைப்பு. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து ஓடி, மோரா வரும், மோரா வந்துச்சுன்னா முடியப் போகுதுன்னு அர்த்தம், பாடறவர் நிமிந்து உக்காருவார். கடைசியா கோர்வை, அதான் கணக்கா கட்டின முடிப்பு, மூணு தடவை. மூணாவது முடியற இடமும் பாட்டு ஆரம்பிக்கற எடுப்பும் ஒண்ணா வந்து சேரும், அந்த இடத்துல உங்க கையும் சரியா இருந்துச்சுன்னா அப்ப எனக்கு எழுதுங்க, அது வரைக்கும் தனி புரியலன்னு எழுதாதீங்க.

தனி மட்டும்னு இல்ல. சரணத்துல குரல் கீழ இறங்கறப்ப மிருதங்கம் என்ன பண்ணுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? நல்ல வாசிப்புன்னா வலந்தலை அடங்கிடும், தொப்பி மட்டும் எங்கயோ தூரத்துல இடி மாதிரி ஒண்ணு ரெண்டு. அந்த வாசிக்காத இடம்தான் கஷ்டம்னு எங்க பெரியப்பா சொல்லுவார்.

பெரியப்பா மிருதங்கம் வாசிச்சவர். மாயவரம் பக்கம், கோயில் உற்சவம், கல்யாணம், ராமநவமி பந்தல், அதான் அவர் உலகம். மெட்ராஸ்ல ஒரு சபாவுல கூட வாசிச்சதில்ல. நான் ஏழெட்டு வயசுலேந்து அவர் கூட போவேன், என் வேலை ரவை பிசையறது. கச்சேரிக்கு முன்னாடி தொப்பியில ரவையைத் தண்ணி விட்டு பிசைஞ்சு அப்பணும், தண்ணி ஜாஸ்தியானா வழியும், கம்மியானா காஞ்சு பாதி கச்சேரியில உதிரும். நான் பிசைஞ்சு கொடுத்ததை விரல்ல உருட்டிப் பாத்துட்டு, "இன்னும் ரெண்டு சொட்டு விடுறா"ம்பார். கச்சேரி முடிஞ்சதும் சுரண்டி எடுக்கறதும் நான்தான். இன்னிக்கும் உப்புமாவுக்கு ரவை வறுக்கற வாசனை வந்தா எனக்கு பச்சை ரவையோட, ஈரத் தோலோட வாசனைதான் ஞாபகம் வரும்.

1978 ராமநவமி. பந்தல்ல ஒரு கச்சேரி, பாடினவர் நல்ல வித்வான். அன்னிக்கு மெயின் காம்போதி ராகம், ‘ஓ ரங்கசாயி’, ‘பூலோக வைகுண்டம்’ல நிரவல், அதான் அந்த ஒரு வரியையே விதவிதமா விரிச்சுப் பாடறது. பெரியப்பா அன்னிக்கு வாசிச்ச தனியை அதுக்கு முன்னாடியும் வாசிச்சதில்ல, பின்னாடியும் வாசிச்சதில்ல. நான் அவர் பின்னால உக்காந்திருந்தேன், சட்டையெல்லாம் நனைஞ்சு முதுகு தெரியுது, முடிஞ்சதும் பாடினவர் பாட்டை எடுக்காம ஒரு நிமிஷம் அவரையே பாத்துட்டு கையைக் கூப்பினார். ஊரே பாத்துச்சு. எனக்கு இத்தனை வயசுக்கு அப்புறமும் அந்த கோர்வையோட முதல் வரி மட்டும் வாயில வருது, மிச்சம் வரல.

அந்த கச்சேரியை ஊர்ல ரேடியோ கடை வச்சிருந்த ஒருத்தர் கேசட்ல புடிச்சிருந்தார். பெரியப்பா 1991ல போயிட்டார், அதுக்கப்புறம்தான் எங்களுக்கு அந்த கேசட் கிடைச்சுது. லேபிள்ல பாடினவர் பேரு, ராமநவமி, வருஷம். வேற ஒரு எழுத்து இல்ல. நானும் அண்ணனும் டேப் ரெகார்டர் முன்னாடி உக்காந்து கேட்டோம், பெரியம்மா கதவோரமா நின்னாங்க. நிரவல் வந்துச்சு, ஸ்வரம் வந்துச்சு, தனி ஆரம்பிச்சுது. மூணு ஆவர்த்தனம், அதான் தாளம் மூணு சுத்து. அப்புறம் டக்குனு ஒரு சத்தம், அடுத்து திருப்புகழ்.

90 நிமிஷ கேசட், பாட்டு விட்டுப் போயிடக் கூடாதுன்னு தனியில நிறுத்தி வச்சிருக்கார். தப்பு எண்ணம் ஒண்ணும் கிடையாது, அவருக்கும் உங்களை மாதிரியே தனி புரியல. பெரியம்மா ஒண்ணும் சொல்லல, "அவ்வளவுதானா"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

அதனாலதான் சொல்றேன், இன்னிக்கு உங்க கையில இருக்கற ரெக்கார்டிங்ல தனி முழுசா இருந்தா அது யாரோ டேப்பை நிறுத்தாம விட்டதால இருக்கு. தள்ளி விடாதீங்க தம்பி. 41 வேணாம், ஒரு மாசத்துக்கு நாலு கச்சேரி கேளுங்க, நாலு பேர் பேரும் எழுதுங்க. பேரு தெரியலன்னா ‘மிருதங்கம் யாருன்னு தெரியல’ன்னாவது எழுதுங்க, தெரிஞ்சவங்க யாராவது சொல்லுவாங்க.

சஹானா கேட்டீங்கல்ல, மறந்தே போயிட்டேன். ராம்நாட் கிருஷ்ணன் கேளுங்க, அவசரமே இல்லாத சஹானா, ஒரு தடவையோட நிறுத்தாதீங்க.

போன வாரம் அந்த கேசட்டைத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இருந்தேன். டேப் பூஞ்சை புடிச்சு ஒட்டிக்கிச்சு, பிரிச்சு வேற கூட்டுக்கு மாத்தி ஒரு வழியா ஓட வச்சேன். அந்த மூணு ஆவர்த்தனம் சுமார் 40 செகண்ட் வருது, தனியா வெட்டி உங்க மெயிலுக்கு அனுப்பியிருக்கேன். பெரியப்பா பேரையும் ஊரையும் அதுலயே எழுதியிருக்கேன், இங்க போட்டா அந்த ரேடியோ கடைக்காரர் யாருன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும், எண்பது தாண்டிட்டார், அவரை யாரும் போய்க் கேக்க வேணாம். உங்க குரூப்புல நாளைக்கு ‘இன்னிக்கு கேட்டது’ன்னு இதைப் போடுங்க. மிருதங்கம்னு எழுதி பக்கத்துல அவர் பேரை இனிஷியலோட முழுசா எழுதுங்க, ஊர்ப் பேரு முன்னாடி வரணும்.