க்வெண்டலின் ப்ரூக்ஸ் – ஒரு கடிதம்

வணக்கம்.

நீங்கள் பரிந்துரைத்த பிறகு அமெரிக்கக் கவிஞர் க்வெண்டலின் ப்ரூக்ஸை வாசிக்க ஆரம்பித்தேன். புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. 1945இல் வந்த முதல் தொகுப்பு மிகவும் பிடித்தது. ஆனால் 1967க்குப் பிறகு எழுதியவற்றில் கோஷம்தான் கேட்கிறது. ஹார்ப்பர் போன்ற பெரிய பதிப்பகத்தை விட்டு ஏன் சிறு பதிப்பகத்துக்குப் போனார்? கறுப்பினக் கலை இயக்கம் ஒரு நல்ல கவிஞரைக் கெடுத்துவிட்டது என்று சொல்லலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நான் அப்படிச் சொல்லமாட்டேன். பிற்காலக் கவிதைகளில் சில மெலிந்தவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் தொகுப்பில் அரசியலே இல்லை, அப்புறம்தான் வந்து சேர்ந்தது என்று நினைக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

அந்தத் தொகுப்பின் ‘கிச்சனெட்’ கவிதையை மறுபடி எடுத்துப் பாருங்கள். அன்றைய சிகாகோவில் பல பகுதிகளில் வீட்டுப் பத்திரத்திலேயே ‘கறுப்பருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது’ என்று நிபந்தனை எழுதியிருப்பார்கள். தெற்குப் பகுதியை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. உரிமையாளர்கள் இதுதான் சாக்கு என்று வீடுகளைத் துண்டு துண்டாகத் தடுத்து, பல குடும்பங்களுக்கு ஒரே குளியலறை என்று வாடகைக்கு விட்டார்கள். அப்படித் தடுத்த சிறு வீடுதான் ‘கிச்சனெட்’. கவிதையில் வெங்காய நெடி, நடைவழியில் நேற்றைய குப்பை, இவற்றுக்கு நடுவே ஒரு கனவு தலைதூக்க முடியுமா என்று யோசனை ஓடுகிறது. அதற்குள் ஐந்தாம் எண் வீட்டு ஆள் குளியலறையிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். கனவை விடு, வெதுவெதுப்பாகத் தண்ணீர் இருக்கிறதா, போய்ப் பார்ப்போம். கோஷம் எங்கேயும் இல்லை. ஆனால் அந்தப் பத்திர நிபந்தனைதான் இவர்களை அந்த வரிசையில் நிறுத்தியிருக்கிறது.

வறுமை அவர் வெளியிலிருந்து பார்த்து எழுதியதல்ல. 1950இல் புலிட்சர் செய்தி வந்தபோது, கட்டணம் கட்டாததால் வீட்டில் மின்சாரம் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. பள்ளி நேரத்தில், பில்லியர்ட்ஸ் மாதிரியான பூல் விளையாட்டுக் கூடத்தில் சில பையன்களைப் பார்க்கிறார். ‘ஏன்டா ஸ்கூலுக்குப் போகலை?’ என்றுதான் நமக்கெல்லாம் கேட்கத் தோன்றும். அவருக்கோ, இவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. 1959இல் அது எட்டு வரிக் கவிதையானது. ஏழு பையன்களும் தாங்களே பேசுகிறார்கள், சீக்கிரமே செத்துப்போகிறோம் என்று முடிக்கிறார்கள். புத்தி சொல்லும் பெரியவர் யாரும் குறுக்கே வருவதில்லை. ப்ரூக்ஸின் ஞானம் என்று நான் நினைப்பது இந்தக் கட்டுப்பாட்டைத்தான்.

1967இல் நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் நடந்த கறுப்பின எழுத்தாளர் மாநாட்டிலும் அதே குணம்தான். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். புலிட்சர் வாங்கியவர் என்ற மதிப்போடு இளைஞர்களுக்கு வகுப்பெடுத்திருக்கலாம். அவர் உட்கார்ந்து கேட்டார். சிகாகோ திரும்பியதும் பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ் என்ற தெருக்கும்பலின் பையன்களோடு கவிதைப் பட்டறை. பூல் கூடத்தில் பார்த்த மாதிரியான பையன்கள்தான், இந்த முறை பக்கத்தில் உட்கார்ந்து.

தாம் யாருக்காக எழுதுகிறாரோ அவர்கள் கைக்குப் போகும் புத்தகம், அவர்களில் ஒருவரே நடத்தும் பதிப்பகம். டட்லி ரேண்டல் என்ற கவிஞர் டெட்ராய்டில் நடத்திய பிராட்சைட் பிரஸுக்கு, ஹார்ப்பரை விட்டு 1969இல் அவர் போனதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வருமானக் கணக்குப் பார்ப்பவர் எடுக்கும் முடிவல்ல இது.

உங்கள் கடிதத்தில் ‘இன் த மெக்கா’ என்ற நெடுங்கவிதை பற்றி ஒரு வரிகூட இல்லை. 1968இல் வந்தது, அதாவது நீங்கள் கோடு போட்ட ஆண்டுக்குப் பின். ஒரு தாய் வேலை முடிந்து வந்து பார்க்கிறாள், ஒன்பது குழந்தைகளில் ஒன்றைக் காணோம். சிகாகோவில் இருந்த மெக்கா என்ற பெரிய அடுக்குமாடிக் கட்டிடத்தில் கதவு கதவாக விசாரிக்கிறார்கள், அவரவருக்கு அவரவர் கவலை. முடிவை நான் சொல்லப்போவதில்லை. நீளமானது, ஒரே மூச்சில் படியுங்கள். படித்த பிறகும் ‘கெடுத்துவிட்டது’ என்றே தோன்றினால் மறுபடி எழுதுங்கள், சண்டை போடலாம்.