நூலில் ஒரு நீர்நாய்: பின்னல் பக்கம், வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பேத்திக்கு ஐந்து வயது. பீஷான் பூங்காவில் நீர்நாய்க் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, "பாட்டி, எனக்கு ஒண்ணு பின்னிக் குடுங்க" என்று பிடிவாதம் பிடிக்கிறாள். தொப்பி பின்னுவேன், பொம்மை பின்னியதில்லை. எந்த நூல், எந்த ஊசி, எத்தனை கண்ணி? நூல் உருண்டையின் தாளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருக்கிறது. — வாசகி, ஈசூன்

பதில்: தொப்பி வருமென்றால் பொம்மையும் வரும், அம்மா. உச்சியில் கண்ணிகளைக் குறைத்துத் தொப்பியை மூடுகிறீர்களே, பொம்மையின் தலையும் அப்படித்தான் முடியும்.

முதலில் அந்த 4 மி.மீ. கணக்கை ஒதுக்கி வையுங்கள். அது உடுத்துகிற துணிக்கு. உடம்போடு நெகிழ வேண்டும் என்பதற்காகச் சொல்வது. பொம்மைக்கு நெகிழ்வு ஆகாது. பஞ்சை அடைத்ததும் ஒவ்வொரு கண்ணியும் வாய் திறக்கும், உள்ளே இருக்கும் வெள்ளை வெளியே தெரியும். டிகே எனப்படும், நடுத்தரத் தடிமனுள்ள 8 ப்ளை நூலுக்கு 3 மி.மீ. ஊசி எடுங்கள். 10 செ.மீ. அகலத்தில் சுமார் 26 கண்ணியும், அதே உயரத்தில் 36 சுற்றும் வர வேண்டும். 20 கண்ணி ஏற்றி 20 வரிசை பின்னி, இரண்டு கட்டைவிரலாலும் இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் உங்கள் கை தளர்வானது, 2.75 மி.மீ. ஊசிக்கு இறங்குங்கள். பொம்மை அழகாக வருமா வராதா என்பது பெரும்பாலும் இந்த ஒரு சோதனையிலேயே முடிவாகிவிடும்.

பழுப்பு நூல் 20 கிராம் தாராளம். முகவாய்க்கும் (மூக்கும் வாயும் சேர்ந்து முன்னே புடைத்திருக்கும் பகுதி) தொண்டைக்கும் வெளிர் சந்தன நிறத்தில் கொஞ்சம், மூக்குக்கும் கண்ணுக்கும் கறுப்பில் ஒரு முழம், பாலியஸ்டர் பஞ்சு 10 முதல் 15 கிராம். ஊசி, ஐந்து கொண்ட இருமுனை ஊசி செட். சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டரின் நூல் கடைகளிலோ பிளாசா சிங்கப்பூராவின் ஸ்பாட்லைட் கடையிலோ எல்லாம் கிடைக்கும்.

உடலும் தலையும் ஒரே துண்டு; அடியிலிருந்து மேலே போகிறோம். முழுக்க நிட் (நேர்ப் பின்னல்) தான், பர்ல் (எதிர்ப் பின்னல்) கிடையாது. கீழே 'இரட்டிப்பு' என்றால் ஒரே கண்ணியில் முன்பக்கமும் பின்பக்கமும் பின்னி இரண்டாக்குவது. 'சேர்ப்பு' என்றால் இரண்டு கண்ணிகளை ஒன்றாகப் பின்னுவது.

நூல் நுனியை 20 செ.மீ. விட்டு 8 கண்ணி ஏற்றிச் சுற்றாக இணையுங்கள். 1ஆம் சுற்று நிட். 2ஆம் சுற்று எல்லாக் கண்ணியிலும் இரட்டிப்பு, இப்போது மொத்தம் 16 கண்ணி. 3ஆம் சுற்று நிட். 4ஆம் சுற்று: (1 நிட், 1 இரட்டிப்பு) எட்டு முறை, 24. 5ஆம் சுற்று நிட். 6ஆம் சுற்று: (2 நிட், 1 இரட்டிப்பு) எட்டு முறை, 32. 7 முதல் 24 வரை வெறும் நிட், இதுதான் வயிறு. 25: (2 நிட், 1 சேர்ப்பு) எட்டு முறை, 24. 26 முதல் 28 வரை நிட். 29: (5 நிட், 1 இரட்டிப்பு) நான்கு முறை, 28. 30 முதல் 39 வரை நிட்; இது தலை. 40: (5 நிட், 1 சேர்ப்பு) நான்கு முறை, 24. 41 நிட். 42: (1 நிட், 1 சேர்ப்பு) எட்டு முறை, 16. இங்கே நிறுத்திப் பஞ்சை அடையுங்கள். 43 நிட். 44 முழுக்கச் சேர்ப்பு, 8. நூலை வெட்டி, தையல் ஊசியில் கோத்து, எட்டுக் கண்ணியிலும் ஓட்டி இழுத்து மூடுங்கள். உயரம் ஏறக்குறைய 12 செ.மீ. வரும்.

கழுத்தை 24 கண்ணிக்குக் கீழே குறைக்கவே கூடாது. நீர்நாய்க்குக் கழுத்து ஒடுங்கியிருக்காது. 16க்குக் குறைத்தால் கரடிதான் உட்கார்ந்திருக்கும்.

எட்டுக் கண்ணியை மூன்று ஊசிகளில் பிரித்துச் சுற்றாக்குவது முதல் தடவை கையைப் படுத்தும். ஊசிகள் ஆளுக்கொரு திசையில் சரியும், கண்ணி வரிசை முறுக்கிக்கொள்ளும். அப்படியானால் முதல் ஆறு சுற்றையும் இரண்டு ஊசியில் தட்டையாகப் பின்னுங்கள் (1, 3, 5ஆம் வரிசைகள் மட்டும் பர்ல்). 32 கண்ணி வந்தபின் சுற்றாக இணைத்து, அடியில் உள்ள சின்னப் பிளவை அந்த 20 செ.மீ. நூலால் தைத்துவிடலாம். உட்காரும் பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்?

கை கால் நான்குக்கும் ஒரே அளவு: 8 கண்ணி, 10 சுற்று நிட், ஒரு சுற்றுச் சேர்ப்பு, மிஞ்சும் 4 கண்ணியை இழுத்து மூடுவது. பஞ்சு வேண்டாம். வாலுக்கு 14 கண்ணி ஏற்றி 6 சுற்று நிட். பிறகு ஒரு சுற்றில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சேர்ப்பு, அடுத்த 4 சுற்று நிட், இப்படி நான்கு முறை செய்தால் 6 கண்ணி நிற்கும். மூடுங்கள். இங்குள்ள மழமழப்பு நீர்நாயின் வால் நுனி தட்டையாக இருக்கும். அதனால் அடிப்பகுதியில் மட்டும் துளி பஞ்சு வைத்து, மீதியைக் கையால் அழுத்தித் தட்டையாக விடுங்கள். முதுகில் 5ஆம் சுற்றின் உயரத்தில், தரையைத் தொடுமாறு தையுங்கள். வால்தான் பொம்மைக்கு முட்டு, அரை செ.மீ. மேலே ஏறினாலும் மல்லாந்து விழும்.

தொண்டையின் வெளிர் நிறத்தை நிறம் மாற்றிப் பின்னப் போகாதீர்கள். சுற்றாகப் பின்னும்போது அந்த நிறத்தின் நூல் திட்டின் தப்பான கரையில் போய் நின்றுவிடும், அடுத்த சுற்றுக்கு எட்டாது. பின்னி முடித்தபின், முன்பக்கம் 9 கண்ணி அகலத்துக்கு, ஒவ்வொரு கண்ணியின் 'வி' வடிவத்தின் மேலேயே தையல் ஊசியால் அதே தடத்தில் நூலை ஓட்டுங்கள். கூர்ந்து பார்த்தால்தான் மேலே தைத்தது என்று தெரியும்.

கேள்வி: நான் பின்னிய முயலுக்கு எலி முகம் வந்துவிட்டது. யானைக்கும் ஏறக்குறைய அதே முகம். முகத்தில் எங்கே தவறு செய்கிறேன்? — வாசகி, செங்காங்

பதில்: பின்னலில் தவறு இருக்காது, உறுப்புகளை வைக்கும் இடத்தில் இருக்கும். 12 செ.மீ. பொம்மையில் ஒரு கண்ணி தள்ளி வைத்தாலே வேறு பிராணியாகிவிடும். எதையும் தைக்கும் முன் குண்டூசியால் குத்தி வைத்து, கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பாருங்கள், அப்புறம் தையுங்கள். குத்திய குண்டூசிகளை எண்ணிக்கொண்டு, கடைசியில் அதே எண்ணிக்கையைத் திரும்ப எடுங்கள்.

மேலே சொன்ன நீர்நாயையே எடுத்துக்கொள்வோம். முகவாய்க்கு வெளிர் நூலில் 16 கண்ணி ஏற்றி 3 சுற்று நிட், (2 நிட், 1 சேர்ப்பு) நான்கு முறை, 12, ஒரு சுற்று நிட், (1 நிட், 1 சேர்ப்பு) நான்கு முறை, 8, இழுத்து மூடுங்கள். இதை வட்டமாகத் தைத்தால் பன்றி மூக்கு. மேலும் கீழும் லேசாக அழுத்தி, படுத்த முட்டை போல வைத்து, தலையின் கீழ்ப் பாதியில் தையுங்கள். கண்கள் சிறியவை, முகவாயின் மேல் மூலைகளை ஒட்டி, இடையில் 6 கண்ணி விட்டு வரும். நடு நெற்றிக்கு ஏற்றினால் மிரண்ட பார்வை வந்துவிடும். காது, நான்கே கண்ணியில் மூன்று வரிசை. உச்சந்தலையில் வைக்காமல் பக்கவாட்டில், கண்ணுக்குச் சற்று மேலே வையுங்கள். உச்சிக்குப் போனால் மறுபடியும் கரடி.

இன்னொன்று. ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குத் தலைக்குள் நூலைச் செலுத்தி லேசாக இழுத்து முடிச்சிடுங்கள். கண் இருக்கும் இடம் குழிந்து, மூக்குத்தண்டு எழும்பும். அந்த ஒரு இழுப்பில் பொம்மைக்கு முகம் வந்துவிடும்.

முகத்துக்கு நேராகக் கண்ணி கூட்ட வேண்டியிருந்தால் இரட்டிப்பு வேண்டாம். அது குறுக்கே ஒரு சின்னக் கோடு விடும். இரண்டு கண்ணிகளுக்கு நடுவே ஓடும் நூலை ஊசியில் தூக்கி, முறுக்கிப் பின்னுங்கள். முறுக்காவிட்டால் அங்கே ஓட்டை விழும்.

கேள்வி: அடைத்த பஞ்சு கட்டி கட்டியாகத் தெரிகிறது. தலை வேறு சாய்ந்துகொண்டே இருக்கிறது. — வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி அடைக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். ஒவ்வொரு சிட்டிகையும் தனி உருண்டையாகவே நின்றுவிடும், ஒன்றோடொன்று சேராது. பஞ்சை இரண்டு கையாலும் பிய்த்து நன்றாக உதறி, முதலில் ஒரு பெரிய பிடியை நடுவில் வையுங்கள். பிறகு ஓரங்களில் மெல்லிய இழைகளாக நிரப்புங்கள். தள்ளுவதற்குச் சாப்ஸ்டிக்கின் தடித்த முனை நல்லது. பென்சில் முனை கண்ணியைப் பிளந்துவிடும்.

தலை சாய்வதற்குக் காரணம் கழுத்தில் பஞ்சு அறுந்திருப்பது. வயிற்றில் ஒரு பந்து, தலையில் ஒரு பந்து, நடுவே ஒன்றுமில்லை. விரல் தடிமனுக்குப் பஞ்சை இறுக்கி உருட்டி, பாதி மார்பிலும் பாதி தலையிலும் இருக்குமாறு கழுத்து வழியே செருகுங்கள். அதைச் சுற்றி மற்றதை அடையுங்கள். குச்சியோ கம்பியோ உள்ளே வைக்க வேண்டாம். பிள்ளை வளைத்து வளைத்து ஒருநாள் முனை வெளியே வரும்.

கேள்வி: ஊரிலிருந்து கொண்டுவந்த இலவம் பஞ்சு வீட்டில் நிறைய இருக்கிறது. அடியில் கனம் வர ஒரு பிடி பச்சைப்பயறும் போடலாமா? — வாசகி, பிடோக்

பதில்: தலையணைக்கு இலவம் அருமை. துவைக்கும் பொம்மைக்கு ஒத்துவராது. நனைந்தால் திரண்டு கட்டியாகிவிடும், உள்ளே ஈரம் காய நாளாகும். டிசம்பர் மழைக்காலத்தில், துணியே காயாத நாளில், பூஞ்சை வாடை வந்துவிட்டால் பொம்மையை வெட்டித்தான் பஞ்சை எடுக்க வேண்டும்.

பயறு கண்டிப்பாக வேண்டாம். ஈரம் பட்டால் முளைக்கும் அல்லது அழுகும், படாவிட்டால் வண்டு வரும். தையல் விட்டால் குழந்தையின் மூக்குக்கும் வாய்க்கும் போகும். பொம்மை நிற்கக் கனம் தேவையில்லை. மேலே சொன்னபடி வாலைத் தாழ்த்தித் தைத்தாலே போதும்.

கேள்வி: பத்து மாதக் குழந்தைக்குப் பரிசாகத் தரப்போகிறேன். கடையில் 'பாதுகாப்புக் கண்' என்று விற்பதை வைக்கலாம்தானே? — வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம். பெயரை நம்பி ஏமாறாதீர்கள். அந்தக் கண்ணின் தண்டு பின்னலுக்குள் போய், உட்புறம் ஒரு வில்லை அதைக் கவ்விப் பிடிக்கும். வில்லை கழலாது, உண்மைதான். ஆனால் கைப்பின்னல் விரியும். குழந்தை கடித்து இழுக்கும்போது கண்ணி அகன்று, வில்லையோடு சேர்த்துக் கண் மொத்தமாக வெளியே வரலாம். 6 மி.மீ., 8 மி.மீ. உருண்டை தொண்டையில் போய் அடைக்கும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பொம்மையில் பொத்தான், மணி, பாதுகாப்புக் கண் எதுவும் கூடாது. கறுப்பு நூலால் தைத்த கண் மட்டுமே.

நூல் கண்ணும் அழகாக வரும். ஒரே துளை வழியாக ஐந்தாறு சிறு தையல்களை அருகருகே போட்டு, மேல் ஓரத்தில் வெள்ளை நூலால் ஒரு பொட்டு வையுங்கள். கண்ணில் வெளிச்சம் வந்துவிடும். நூல் நுனியை வெளியே முடிச்சிடாமல் தலைக்குள் இரண்டு திசைகளில் ஓட்டி, வெட்டி உள்ளே விடுங்கள். மீசைக்காக நூலை நீட்டி விடுவதும் இந்த வயதில் வேண்டாம்.

கேள்வி: இருமுனை ஊசிகள் சந்திக்கும் இடங்களில் ஏணிப்படி போலத் தளர்ந்த கோடு விழுகிறது. எவ்வளவு இழுத்தாலும் போகவில்லை. — வாசகி, தெம்பனிஸ்

பதில்: எல்லோரும் ஊசியின் முதல் கண்ணியை இழுக்கிறார்கள். இழுக்க வேண்டியது இரண்டாவதை. முதல் கண்ணியைச் சாதாரணமாகப் பின்னிவிட்டு, இரண்டாவதைப் பின்னும்போது நூலைச் சுண்டினால் இரண்டும் சேர்ந்து இறுகும். அப்படியும் விழுந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த ஊசியிலிருந்து ஒரு கண்ணியைக் கூடுதலாகப் பின்னிக்கொள்ளுங்கள். சந்திப்பு இடம் நகர்ந்துகொண்டே போகும், கோடு ஒரே இடத்தில் சேராது. சுற்றின் தொடக்கத்துக்கு மட்டும் வேறு நிற நூல் துண்டைக் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் கணக்குத் தப்பும்.

கேள்வி: கை வியர்த்து அக்ரிலிக் நூல் ஊசியில் ஒட்டிக்கொள்கிறது. — வாசகி, பொங்கோல்

பதில்: மூங்கில் ஊசியை விட்டு உலோக ஊசிக்கு மாறுங்கள், நூல் வழுக்கிக்கொண்டு போகும். பருத்தி நூல் வியர்வைக்கு இதமானது. ஆனால் நெகிழாது, விரல் சீக்கிரம் வலிக்கும். அரைக்கு அரை பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் இந்த ஊருக்குத் தோது.

கேள்வி: பொம்மையைத் துவைப்பது எப்படி? — வாசகர், அங் மோ கியோ

பதில்: அக்ரிலிக், பருத்தி இரண்டையும் வலைப்பையில் போட்டு, குளிர்ந்த நீரில், மென்மையான சுழற்சியில் இயந்திரத்திலேயே துவைக்கலாம். சாதாரணக் கம்பளியைப் போட்டால் சுருங்கிக் கெட்டியாகிவிடும், அதற்குக் கைதான். துவைத்ததும் முறுக்கிப் பிழியாதீர்கள். துவாலையில் சுற்றி, மேலே அழுத்தி ஈரத்தை எடுங்கள். காதிலோ வாலிலோ கிளிப் போட்டு மூங்கில் கழியில் தொங்கவிட்டால் ஈரப் பஞ்சின் கனத்தில் அந்த உறுப்பு நீண்டுவிடும், பிறகு பழைய அளவுக்கு வராது. காற்றாடிக்கு நேரே, ஓட்டை உள்ள தட்டில் கிடத்தி, மணிக்கொருதரம் புரட்டுங்கள். மேலே தொட்டுப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். வயிற்றை அழுத்தி மூக்கருகே பிடியுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்தக் காற்றில் குளிர்ச்சி தெரியும்.