ஏஐ படங்களை வீட்டுக் கணினியிலேயே உருவாக்குவதா, இணையச் சேவைக்கு மாதச் சந்தா கட்டுவதா? கையில் 50,000 ரூபாய் இருக்கிறது.

"மாதம் 10 டாலர் கட்டினால் முடிந்தது, வீட்டில் கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போடுவது வெட்டிச் செலவு என்று நண்பர்கள் சொல்கிறார்கள்" என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த நண்பர்கள் எனக்கும் இருக்கிறார்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் மாணவர், அல்லது இப்போதுதான் டிசைன் பழகுகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். யூடியூப் தம்ப்நெயில், பிறந்தநாள் வாழ்த்து, எப்போதாவது ஒரு போஸ்டர் என்ற அளவில்தான் வேலை என்றால் சந்தாவே போதும். ஒரே வரி எழுதி அழகான படம் வாங்க இன்றைக்கும் அதுதான் சுலபம். படத்துக்குள் தமிழ் எழுத்து வேண்டுமென்றாலும் சந்தாச் சேவைகளில் அது வருகிற சிலவற்றுக்குத்தான் போக வேண்டும். வீட்டில் ஓடும் மாடல்களில், அதாவது படம் வரையப் பழக்கப்பட்ட ஏஐக்களில், பெரும்பாலானவை ஆங்கிலக் குறிப்புகளைப் படித்து வளர்ந்தவை. 'இனிய பொங்கல்' என்று எழுதச் சொன்னால் ஜிலேபி பிழிந்து கொடுக்கும்.

என் தேவை வேறு. நான் திருப்பூரில் குழந்தைகள் ஆடைக்குப் பிரிண்ட் டிசைன் செய்கிறேன். பையர், அதாவது ஆடை வாங்கும் நிறுவனம், அனுப்பும் டெக் பேக் என்கிற விவரக் கோப்பில் அடுத்த சீசன் ஆர்ட்வொர்க் இருக்கும். வெளியே விட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுத்தான் வேலை வாங்குகிறோம். அதைக் கொண்டுபோய் யாரோ ஒருவருடைய சர்வரில் ஏற்ற முடியாது. மிட்ஜர்னி என்ற சந்தாச் சேவையில் 10 டாலர் திட்டத்தில் செய்கிற படம் இயல்பாகவே பொதுவில் தெரியும். மறைத்து வைக்கும் வசதி 60 டாலர் திட்டத்தில்தான் தொடங்குகிறது. இதை அந்த நண்பர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் ரிபீட். ஆல்ஓவர் பிரிண்டில் ஒரே டிசைன் துணி முழுக்க ஒட்டுத் தெரியாமல் திரும்பத் திரும்ப வர வேண்டும். வீட்டில் ஓட்டக்கூடிய ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற மாடலில் டைலிங் என்று டிக் போடும் ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் படத்தின் வலது ஓரமும் இடது ஓரமும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதாக எண்ணிக்கொண்டு மாடல் வரையும். மேல் ஓரமும் கீழ் ஓரமும் அதே மாதிரி. 2024 ஆகஸ்டில் வந்த ஃப்ளக்ஸ் என்ற மாடல், படத்தின் தரத்தில் எவ்வளவோ மேல், ஆனால் அதன் உள்ளமைப்பு வேறு என்பதால் இந்த வித்தை அப்படியே பலிக்காது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் 2023 பதிப்பான எஸ்டிஎக்ஸ்எல்லை நான் இன்னும் விடாததற்கு இதுதான் காரணம். 'பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறான்' என்று யாராவது பின்னூட்டம் போடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் கன்ட்ரோல்நெட், மாடலோடு சேர்த்து ஓட்டும் ஒரு துணைக் கருவி. கையால் வரைந்த யானையின் கோட்டை ஸ்கேன் செய்து கொடுத்தால் அந்தக் கோட்டை விட்டு விலகாமல் நிரப்பித் தரும். படம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணையும் மற்ற அமைப்புகளையும் குறித்து வைத்துக்கொண்டால், சீசன் மாறி பையர் "அதே யானை, காது மட்டும் கொஞ்சம் சின்னதாக" என்று கேட்கும்போது பழைய இடத்திலிருந்தே தொடங்கலாம். சந்தாச் சேவையில் மாடலை அவர்கள் மாற்றிவிட்டால் அதே வரிக்கு வேறு யானைதான் வரும்.

கோடு என்னுடையது என்பதைக் கவனியுங்கள். ஓவியர் வயிற்றில் அடிக்கிறான் என்று திட்ட வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன், நானும் ஓவியன்தான்.

பட்டனைத் தட்டியதோடு வேலை முடிவதும் இல்லை. எஸ்டிஎக்ஸ்எல் தருவது 1024 பிக்சல். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அச்சடித்தால் 9 சென்டிமீட்டர்கூட வராது. துணியில் அச்சடிக்கும் உருளையான ரோட்டரி ஸ்கிரீனின் ரிபீட் பெரும்பாலும் 64 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 7,560 பிக்சல். பெரிதாக்க வேண்டும், பெரிதாக்கும்போது வருகிற அழுக்கைத் துடைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நிறங்களை ஆறோ எட்டோ ஆக்கி, நிறம் நிறமாகப் பிரித்துச் செபரேஷன் போட வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் அல்லவா? இதெல்லாம் கை வேலை.

ஆனால் பையருக்கும் எங்களுக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பிகள் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "ஏஐ தானுங்கண்ணா, தட்டுனா வந்துருமில்ல, அதுக்கு எதுக்குங்க பழைய ரேட்டு?" ஆப்ஷன் என்ற பேரில் பத்து டிசைன் வாங்கிப் பார்த்துவிட்டு "பையர் ஓகே பண்ணலைங்கண்ணா" என்று திருப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வந்த டிசைன் ஒன்று, நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு இங்கே திருப்பூர் காதர்பேட்டை ஆடைச் சந்தையில் தொங்குவதை நானே பார்த்தேன். யாரிடம் போய்க் கேட்பது? பில்லும் இல்லை, பேச்சும் வாய்ப்பேச்சு. சரி, நீங்கள் கேட்டது இது இல்லை.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலைக்கு வேகத்தைவிட கார்டின் சொந்த மெமரிதான் முக்கியம். மாடல் அதில் அடங்காவிட்டால் கணினியின் ராமுக்கு வழிந்து, நொண்டத் தொடங்கிவிடும். அதனால் என் கணக்கில் 8 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 4060 கார்டைவிட 12 ஜிபி உள்ள பழைய 3060 மேல். ஃப்ளக்ஸில் 1,200 கோடி பாராமீட்டர், அதாவது மாடல் கற்றுவைத்திருக்கும் எண்கள். ஒன்றுக்கு இரண்டு பைட் என்றால் 24 ஜிபி. அதைச் சுருக்கிய வடிவங்கள் 12 ஜிபியில் ஓடும். லேப்டாப் மட்டும் வேண்டாம். அதில் பின்னால் கார்டை மாற்ற முடியாது.

நான் வாங்கியது சென்னை ரிச்சி தெருவில், கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங்கில் ஓடிய பழைய கார்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளியானது 2022 ஆகஸ்டில்; அடுத்த மாதமே எத்தீரியம் என்ற நாணயத்தின் மைனிங் நின்றுபோய் கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. மைனிங் கார்டா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும், என்னுடையது இன்னும் ஓடுகிறது.

வீட்டில் ஓட்டினால் இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 3060 முழு வேகத்தில் 170 வாட் இழுக்கும். மொத்தக் கணினியையும் சேர்த்தால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். அது பெரிதில்லை, அந்த அறைக்கு வெயில் காலத்தில் போடும் ஏசிதான் பில்லை ஏற்றுகிறது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படியில் உள்ள யூனிட்டுகளின் கட்டணமும் ஏறிவிடும். யுபிஎஸ் செலவு தனி.

ரகசியம் காக்க வேண்டிய வேலை இல்லையென்றால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ரன்பாட், வாஸ்ட் போன்ற இணையத் தளங்களில் 24 ஜிபி கார்டை மணிக்கு ஒரு டாலருக்கும் குறைவாக வாடகைக்கு எடுக்கலாம். நீங்கள் வீட்டில் ஓட்ட நினைக்கும் அதே மென்பொருள்தான். ஒரு மாதம் அப்படி ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கார்டு வேண்டும் என்று தோன்றினால் கடைக்குப் போங்கள். வாங்கும் முன் அங்கேயே கால் மணி நேரம் முழு லோடில் ஓட்டிக் காட்டச் சொல்லி, சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் கவனியுங்கள். ஓட்டிக் காட்ட மறுத்தால் அடுத்த கடை.