குரூப் கேப்டிவ் சோலாரில் பங்கு எடுக்கலாமா?

வாசகர் கேள்வி: கோவை அருகே சின்ன துணி பிராசஸிங் யூனிட் நடத்துகிறேன். ஹெச்.டி. (உயர் அழுத்த) சர்வீஸ், மாதம் சுமார் 50,000 யூனிட் ஓடுகிறது. ஒரு சோலார் கம்பெனி, தங்கள் பிளான்ட்டில் பங்கு வாங்கினால் யூனிட் 4.50 ரூபாய்க்கு 15 வருடம் கரண்ட் தருவதாகச் சொல்கிறது. சேரலாமா? விறகு பாய்லரை பைப் கேஸுக்கு மாற்றவும் யோசனை இருக்கிறது.

பதில்: சேரலாம். பலர் பங்கு போட்டு ஒரு பிளான்ட்டைச் சொந்தமாக்கி, அதன் கரண்ட்டைத் தாங்களே பயன்படுத்தும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் குரூப் கேப்டிவ் என்று பெயர். ஆனால் அவர்கள் காட்டும் 4.50 என்ற எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்த ஒப்பந்தத்தில் உங்களுக்கு லாபமா நஷ்டமா என்பது பெரும்பாலும் வேறு பக்கத்தில் இருக்கிறது.

மின்வாரியத்து விலை ஏறுவது உண்மை. 2022 செப்டம்பரில் ஹெச்.டி. தொழிற்சாலைக்கு யூனிட் 6.75 ரூபாய், டிமாண்ட் சார்ஜ் (ஓடிய யூனிட்டுக்கு அல்லாமல், இழுக்கும் மின்திறனுக்கு மாதாமாதம் கட்டுவது) கே.வி.ஏ.வுக்கு 550 ரூபாய். 2025 ஜூலையில் அது 7.50, 608 என்று ஆகிவிட்டது. 2022 உத்தரவிலேயே, பணவீக்கத்தை ஒட்டி ஒவ்வொரு ஜூலையிலும் 6 சதவீதத்துக்கு மிகாமல் உயர்த்த வழி வைத்திருக்கிறார்கள். அதனால் நிலையான விலையில் சோலார் என்பது கவர்ச்சியாகத் தெரிவதில் தப்பில்லை.

ஆனால் 7.50-ல் 4.50 போனால் மிச்சம் மூன்று ரூபாய் என்று கணக்குப் போட முடியாது. பிளான்ட்டிலிருந்து உங்கள் மீட்டர் வரை வர டிரான்ஸ்மிஷன் கட்டணம், வீலிங் கட்டணம் (இரண்டும் வாரியத்தின் லைன் வழியாகக் கொண்டுவருவதற்கு), வழியில் போகும் லாஸ் எல்லாம் உண்டு. டிமாண்ட் சார்ஜும் குறையாது. வாரியத்துக்கு அப்படியே கட்டத்தான் வேண்டும். ‘எல்லாம் சேர்த்து என் மீட்டரில் இறங்கும் விலை என்ன?’ என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம், பீக் ஹவர், அதாவது கரண்ட் தேவை அதிகமுள்ள நேரம். காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 வரை எனர்ஜி சார்ஜில் (யூனிட் கட்டணத்தில்) 25 சதவீதம் கூடுதல். காலை பீக்கில் சோலார் ஓரளவு உதவும். மாலையில் உதவாது.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வாரியத்தை விட்டு வெளியாரிடம், வாரியத்தின் லைன் வழியாக (ஓப்பன் ஆக்சஸ்) கரண்ட் வாங்கினால் குறுக்கு மானிய சர்சார்ஜ் விழும்; மற்றவர்களுக்குக் குறைந்த விலையில் கரண்ட் தர உங்களைப் போன்றவர்களிடம் வாங்கும் தொகை கைவிட்டுப் போவதற்கு ஈடாகப் போடும் கூடுதல் கட்டணம் அது. சொந்த பிளான்ட் என்றால் 2003 மின்சாரச் சட்டப்படி அது கிடையாது. குரூப் கேப்டிவ் என்ற ஏற்பாடே இந்தச் சலுகையின் மேல்தான் நிற்கிறது. ‘சொந்தம்’ என்பதற்கு 2005 மின்சார விதிகளின் மூன்றாம் விதி இரண்டு நிபந்தனை வைக்கிறது. பயன்படுத்துவோர் எல்லோரும் சேர்ந்து, ஓட்டுரிமை உள்ள பங்கில் குறைந்தது 26 சதவீதம் வைத்திருக்க வேண்டும். வருட உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. குரூப்பாக இருந்தால் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஏற்ற விகிதத்தில் பயன்படுத்த வேண்டும். 10 சதவீதம் கூடலாம், குறையலாம். பிளான்ட் நடத்த தனிக் கம்பெனி தொடங்கியிருந்தால் இந்த விகிதம் பொருந்துமா என்று வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. பொருந்தும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு வந்திருப்பதும் அநேகமாக அப்படியொரு தனிக் கம்பெனியின் பங்காகத்தான் இருக்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பிளான்ட் வருடம் ஒரு கோடி யூனிட் தருகிறது, பயன்படுத்துவோரிடம் மொத்தம் 26 சதவீதப் பங்கு, அதில் உங்களுடையது 2.6 சதவீதம், அதாவது பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். குரூப் பயன்படுத்த வேண்டியது 51 லட்சம் யூனிட்; அதில் பத்தில் ஒன்றான உங்கள் அளவு 5.1 லட்சம் யூனிட். அனுமதித்த எல்லை சுமார் 4.6 முதல் 5.6 லட்சம். உங்கள் மொத்த ஓட்டமே வருடம் 6 லட்சம்தான். ராத்திரி ஷிஃப்ட் ஓட்டுகிறவர் என்றால், பகல் கரண்ட்டில் 4.6 லட்சத்தை எட்டுவது கஷ்டம். ஆர்டர் இல்லாமல் மூன்று மாதம் மெஷின் நின்றால் நிச்சயம் எட்டாது.

எட்டாவிட்டால் என்ன? இந்தச் சோதனை வருடம் முடிந்த பிறகு நடக்கிறது. உங்களைப் போல் சிலர் குறைத்து, குரூப்பின் மொத்தத்தில் 51 சதவீதம் தேறாவிட்டால் அந்த வருடத்து உற்பத்தி முழுவதும் கேப்டிவ் இல்லை என்று ஆகிவிடும். ஒழுங்காகப் பயன்படுத்திய பங்குதாரருக்கும் சர்சார்ஜ் வரும். யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்தாலே 5 லட்சம் யூனிட்டுக்கு ஏழரை லட்சம். நீங்கள் பார்த்த மிச்சமெல்லாம் அதில் போய்விடும். சின்ன மில்காரர்கள் இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அதனால் ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய வரி இதுதான்: கேப்டிவ் தகுதி போனால் சர்சார்ஜை யார் கட்டுவது? உங்கள் பக்கம் தவறில்லாதபோது கம்பெனி கட்டும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எழுத மறுத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அடுத்தது, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இத்தனை யூனிட்டுக்குப் பணம் என்ற நிபந்தனை. மந்த காலத்தில் கழுத்தைப் பிடிப்பது அதுதான். நடுவில் வெளியேறினால் பங்குப் பணம் எந்த விலையில் திரும்பும், எவ்வளவு நஷ்டஈடு கேட்பார்கள் என்பதையும் பாருங்கள். மற்ற பங்குதாரர்கள் யார் என்று விசாரியுங்கள். ஐந்தாறு பேரும் ஒரே பனியன் ஏற்றுமதியை நம்பியிருந்தால், சரிவு வரும்போது எல்லோரும் ஒன்றாகத்தான் குறைப்பார்கள்.

அளவு விஷயத்தில் என் யோசனை: மூன்று வருட பில்லை எடுத்து, ஒவ்வொரு மாதமும் பகலில் ஓடிய யூனிட்டைத் தனியாகப் பிரியுங்கள். அதில் மிகக் குறைவான மாதத்தை அடிப்படையாக வைத்துப் பங்கு எடுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு வருடம் இரண்டரை முதல் மூன்று லட்சம் யூனிட் போதும் என்று நினைக்கிறேன். மிச்சத்தை வாரியத்திடமே வாங்குங்கள். ஷெட் கூரை வெறுமனே கிடந்தால் முதலில் அங்கே சொந்தமாக பேனல் போடுவதைக் கணக்குப் பாருங்கள். உங்கள் ஒருவருக்கே சொந்தம் என்பதால் பங்கு விகிதத் தொல்லை இல்லை.

கேஸ் பற்றிச் சுருக்கமாக. 2023 ஏப்ரலில் மத்திய அரசு உள்நாட்டு கேஸுக்கு உச்சவரம்பு வைத்து விலை குறைத்தது. அந்த மலிவு கேஸில் முன்னுரிமை வீட்டு அடுப்புக்கும் வண்டிக்கும்தான். தொழிற்சாலைக்கு வருவது பெரும்பாலும் இறக்குமதி எல்.என்.ஜி. (குளிர்வித்துத் திரவமாக்கிய எரிவாயு); கச்சா எண்ணெயும் டாலரும் ஏறினால் கூடவே ஏறும். இயற்கை எரிவாயு ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் கட்டிய வாட் வரியை ஜி.எஸ்.டி. கணக்கில் கழிக்கவும் முடியாது. புகை, சாம்பல், ஆள் கூலி குறையும், சூடு சீராக இருக்கும். துணியின் தரத்துக்கு அது நல்லது. ஆனால் விறகோடு ஒப்பிடும்போது கிலோவுக்கும் கன மீட்டருக்கும் விலை பார்க்காமல், ஒரு டன் நீராவிக்கு என்ன செலவு என்று போடுங்கள். விலை எந்தச் சூத்திரத்தில் மாறும், மாதம் குறைந்தபட்சம் எவ்வளவு எடுத்தாக வேண்டும் என்ற இரண்டும் எழுத்தில் கைக்கு வரும்வரை பர்னருக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம். பழைய விறகு பாய்லரையும் இப்போதைக்கு விற்காதீர்கள்.