58 வயது அம்மாவை எரிமலைத் தீவில் நடக்கக் கூட்டிப்போகலாமா?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 58 வயது, தோட்டத்தில் வளர்ந்தவர். தென்கொரியாவின் ஜெஜு தீவுக்குப் போய் எரிமலை, குகை, கடலோரம் என்று நடந்தே பார்க்க மகளுக்கு ஆசை. அம்மாவோ, “எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்” என்கிறார். கூட்டிப்போவதா, பேசாமல் பஸ் டூரில் அனுப்பிவிடுவதா?

கூட்டிப்போங்கள். பஸ்ஸில் ஏற்றி இறக்கும் டூர் வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போய்விடலாம், என் கதை கொஞ்சம் நீளம்.

நான் உங்கள் அம்மா வயதுக்காரி. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு மரம் வெட்ட, அதாவது பால் வடியப் பட்டையைச் சீவ, போயிருக்கிறேன். கல்யாணமாகி டவுனுக்கு வந்து, இப்போது டாமான் என்னும் வீடமைப்புப் பகுதியில் குடியிருக்கிறேன். நீங்கள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ நல்ல வேலையில் இருப்பீர்கள், அம்மா ஊரில் தனியாக இருப்பார், தீபாவளிக்கு வந்தபோது இந்தப் பேச்சு எழுந்திருக்கும். சரிதானே? அவர் வேண்டாம் என்பது கால் வலிக்குப் பயந்து இல்லை. உங்கள் காசு கரையுமே என்றுதான்.

அண்ணன் மகள் எங்களுக்கு டிக்கெட் எடுத்த சமயம், ஒரு கல்யாண விருந்தில் சொந்தக்காரர் ஒருவர் எல்லார் முன்னாலும், “தோட்டத்துல நடந்தது பத்தாதா, காசு கொடுத்து வேற நடக்கணுமா?” என்று சிரித்தார். சுருக்கென்றது. அங்கே வாயைத் திறக்கவில்லை, இங்கே சொல்கிறேன். விடியும் முன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, தலையில் விளக்கைக் கட்டி, மேடு பள்ளம் பார்க்காமல் நிரை நிரையாக மரம் வெட்டி, மறுபடி அதே நிரையில் நடந்து மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணங்களிலிருந்து பால் சேர்த்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளியைத் தோளில் சுமந்து இறக்கிய கால்கள் அவை. இத்தனை வருஷமும் கிராணியின், அதான் தோட்டத்துக் குமாஸ்தாவின், கணக்குக்காக நடந்தவை. இனிமேல் தனக்காகக் கொஞ்சம் நடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

உடனே “உங்களுக்கு வசதி இருக்கு, பேசறீங்க” என்று யாரும் வரவேண்டாம். கூட்டு (சீட்டு) கட்டிச் சேர்த்த பணம் அது. நான் டாக்டரும் இல்லை. அம்மாவுக்கு முட்டி தேய்மானமோ பிரஷரோ சுகரோ இருந்தால் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெஜு முழுக்க எரிமலை போட்ட தீவு. நடுவில் ஹல்லா மலை, 1,947 மீட்டர். தென்கொரியாவிலேயே அதுதான் உயரம். பயப்பட வேண்டாம், நம் பேராக்கின் கோர்பு மலையே 2,183 மீட்டர். ஆயிரம் வருஷத்துக்கு முன், 1002-லும் 1007-லும் அந்தத் தீவு நெருப்பு கக்கியதாகப் பழைய கொரியக் குறிப்புகள் உண்டு. இப்போது அமைதியாக இருக்கிறது.

உச்சிக்குப் போக சொங்பனாக், க்வானும்சா என்று இரண்டு பாதைகள். இரண்டுக்கும் இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். சொங்பனாக் ஒரு வழிக்கே 9.6 கிலோமீட்டர். குறிப்பிட்ட நேரத்துக்குள் வழியில் இருக்கும் தங்குமிடத்தைத் தாண்டாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அழுதாலும் விடமாட்டார்கள். அந்த நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். அண்ணனும் மகளும் அதில்தான் ஏறினார்கள். அண்ணன் காலில் என்ன தெரியுமா? அடிடாஸ் கம்போங். தோட்டத்தில் எல்லாரும் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில் முள் முள்ளாக இருக்குமே, அதேதான். பூட்ஸும் இரண்டு கைத்தடியுமாக வந்த கொரியர் ஒருவர் குனிந்து அதைப் படமெடுத்தாராம். ஈரக் கல்லில் அது வழுக்கவே இல்லை. ஆனால் அடி மெல்லிசு, பாதை முழுக்கக் கருங்கல். இறங்கி வந்து ராத்திரி சுடுதண்ணீரில் காலை வைத்தவர் எடுக்கவே இல்லை.

உங்கள் அம்மாவுக்கு உச்சி வேண்டாம். நான் போன யோங்சில் பாதை போதும். ஏறத் தொடங்கும் இடமே 1,280 மீட்டரில் இருக்கிறது, 3.7 கிலோமீட்டரில் 1,700 மீட்டர் உயரத்துத் தங்குமிடம் வந்துவிடும். முதல் பாதி படிகள் மூச்சு வாங்கவைக்கும், அதற்குப் பிறகு பலகை பாவிய சமதரை. ஏறும்போது ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறைத் தூண்கள் நிற்கும். அவற்றுக்கு ஐந்நூறு தளபதிகள் என்று பெயர். ஒரு பஞ்சத்தில் ஐந்நூறு பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிய தாய் பானையில் தவறி விழுந்துவிட்டாளாம். வேட்டையிலிருந்து வந்த பிள்ளைகள் தெரியாமல் அந்தக் கஞ்சியைக் குடித்து, உண்மை தெரிந்ததும் அழுது அழுது கல்லாகிவிட்டார்களாம். அண்ணன் மகள் இதைப் படித்துச் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்தான் வந்தது. ஐந்நூறு பேரில் ஒருத்தனாவது சாப்பிடுவதற்கு முன் “அம்மா எங்கே” என்று கேட்டிருக்கக் கூடாதா?

குகைக்கு வருகிறேன். குகை எனக்குப் புதிதில்லை. ஈப்போ, கோப்பெங் பக்கம் எங்கே திரும்பினாலும் சுண்ணாம்பு மலை, உள்ளே கோயிலோ வௌவாலோ இருக்கும். அவை மழைத்தண்ணீர் லட்சக்கணக்கான வருஷம் அரித்து உண்டானவை. ஜெஜு குகைகள் நெருப்புக் குழம்பு ஓடிய குழாய்கள். மங்கில் பால் மேலே உறைந்து உள்ளே இளகியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழம்பும் அப்படித்தான் மேலே ஆறி இறுகுகிறது, உள்ளே ஓடுவது ஓடித் தீர்ந்ததும் கூடு மட்டும் நிற்கிறது. பெரிய குகையான மன்ஜங்குல் 7.4 கிலோமீட்டர் நீளம், அதில் ஒரு கிலோமீட்டரைத்தான் பார்க்க விடுவார்கள். 2023 கடைசியில் கல் விழுந்ததால் மூடினார்கள், நாங்கள் போனபோதும் பூட்டித்தான் கிடந்தது. போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதிலாக ஹல்லிம் பூங்காவில் ஹியொப்ஜே, சாங்யோங் என்று இரண்டு குகைகளுக்குப் போனோம். அதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியம்தான். நெருப்புக் குழம்பு போட்ட கறுப்புக் கூரையிலிருந்து வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு விழுது தொங்குகிறது! குகைக்கு மேலே கடற்காற்று கொண்டுவந்து கொட்டிய சிப்பி மணல் இருக்கிறதாம். மழை அந்தச் சிப்பியைக் கரைத்து, பாறை வெடிப்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறது. விழுதின் நுனியில் ஒரு துளி விழாமல் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பஸ் டூரில் இப்படி நிற்க விடுவார்களா? கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

மூன்றாவது வகைக் குகை மனிதன் குடைந்தது. தெற்குக் கரையில் சொங்காக்சான் குன்றின் கீழே, கடலைப் பார்த்து வரிசையாகக் குகை வாய்கள் தெரியும். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் தற்கொலைப் படகுகளை ஒளித்துவைக்க ஜப்பான்காரன் ஜெஜு மக்களைப் பிடித்து வேலை வாங்கிக் குடைந்தவை. அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால்தான் எங்கள் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றி, ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் போட்ட ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை, பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவும் இல்லை. அண்ணனும் நானும் அங்கே ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. விடுமுறைக்குப் போன இடத்தில் எதற்கு இதெல்லாம் என்று கேட்பீர்கள். அம்மாவைக் கூட்டிப்போனால் அவருக்கும் ஏதாவது ஞாபகம் வரும், அவசரப்படுத்தாதீர்கள் என்பதற்காகத்தான் சொன்னேன்.

கடலோரம் நடக்க ஒல்லே பாதைகள் இருக்கின்றன. பத்திரிகையாளராக இருந்த சோ மியங் சுக் என்ற அம்மையார் 2007-இல் ஆரம்பித்தது. இன்றைக்கு 27 பாதைகள், எல்லாம் சேர்த்து 430 கிலோமீட்டருக்கு மேல். நீலமும் ஆரஞ்சும் கலந்த ரிப்பன்களை மரத்தில் கட்டியிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். முடிந்த மட்டும் நடந்துவிட்டுப் பஸ் ஏறலாம். முதல் தடவைக்கு 7-ஆம் பாதை நல்லது.

அந்தப் பாதை சில இடங்களில் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு ஊடே, கறுங்கல் சுவரை ஒட்டிப் போகிறது. யாரும் யாரையும் தடுப்பதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. நான் பிறந்த தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள், சரி, அவர்கள் நிலம். ஆனால் ஆற்றோரம் இருக்கும் முனியாண்டி சாமிக்குப் படையல் போடப் போனால் கேட்டில் காவலாளி ஐ.சி. என்கிற அடையாள அட்டையைக் கேட்கிறான், கடிதம் எங்கே என்கிறான். எங்கள் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் மரம் வெட்டிய இடம் அது. கடிதம் யாரிடம் வாங்குவது என்று கேட்டால் ஆபீசைக் காட்டுகிறார்கள், ஆபீசில் மேனேஜர் இல்லை என்கிறார்கள். போன ஆடியில் கேட்டுக்கு வெளியிலேயே சூடம் ஏற்றிவிட்டு வந்தோம். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். எழுதித்தான் ஆகவேண்டும் போலிருந்தது.

சொங்சான் இல்ச்சுல்போங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடலை ஒட்டி நிற்கும் எரிமலை வாய், 182 மீட்டர், முழுக்கப் படி. பத்துமலையின் 272 படியை மூச்சு வாங்காமல் ஏறுபவருக்குப் பிரச்சினை இருக்காது. இறங்கி வந்ததும் கீழே கடலில் ஹேன்யோ பெண்கள் முக்குளிப்பதைக் காட்டுங்கள். ஆக்ஸிஜன் உருளை கிடையாது, மூச்சை அடக்கிக்கொண்டு போய்ச் சிப்பியும் சங்கும் எடுத்து வருவார்கள். மேலே வந்ததும் விசிலடிப்பது மாதிரி ஒரு மூச்சு விடுவார்கள், கரைக்குக் கேட்கும். யுனெஸ்கோ 2016-இல் இவர்களைப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். உங்கள் அம்மா வயசைச் சாக்குச் சொன்னால் கையை மட்டும் நீட்டிக் காட்டுங்கள்.

சாப்பாடு சிரமம். சைவம் என்று சொன்னாலும் மீன் சாறு எதிலாவது இருக்கும். நாங்கள் நெத்திலி சம்பலும் ஊறுகாயும் கொண்டுபோனோம். வெள்ளிக்கிழமை விரதக்காரர் என்றால் பழமும் ரொட்டியும் கையில் இருக்கட்டும். ஹல்லா மலையில் கடையே கிடையாது, தண்ணீர் முதல் எல்லாம் சுமந்துதான் போகவேண்டும். அங்கே கல்லும் காற்றும் பெண்களும் அதிகம் என்று அவர்களே சொல்வார்கள். கடலோரத்தில் காற்று அடிக்கிற அடியில் குடை தாங்காது, மழைக்கோட்டுதான் சரி. ஏப்ரல், மே நல்ல மாதம். குளிர்காலத்தில் மலையில் பனி, நம் ஊர் ஆளுக்கு அது வேண்டாம்.

அம்மாவிடம் மறுபடி அனுமதி கேட்காதீர்கள். டிக்கெட்டை எடுத்துவிட்டு, பணம் திரும்பக் கிடைக்காது என்று மட்டும் சொல்லுங்கள், பையை அவரே கட்டிவிடுவார். விலை கேட்டால் பாதியைச் சொல்லுங்கள்.